அஞ்சு அங்குலத்தில் ஆரம்பித்த கதை

திருவண்ணாமலைக்கும் நாம் முதுகில் சுமக்கிற லேப்டாப்புக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்றால் எங்கள் ஆபீஸில் யாரும் நம்புவதில்லை. "நீ எல்லாத்தையும் தமிழ்நாட்டில்தான் முடிப்பே" என்று கிண்டல் வேறு. ஆனால் இது உண்மை.

ஆதம் ஆஸ்பர்ன் 1939ல் பாங்காக்கில் பிறந்தவர். அப்பா ஆர்தர் ஆஸ்பர்ன் ஆங்கிலேயர், அம்மா போலந்துக்காரர். ரமண மகரிஷியின் மேல் ஈடுபாடு கொண்டு குடும்பம் திருவண்ணாமலை வந்தது. அப்பா வேலைக்காகத் திரும்பி பாங்காக் போன நேரத்தில் யுத்தம் வந்து ஜப்பானியர் கையில் சிறைப்பட்டார். அம்மாவும் பிள்ளைகளும் மலையடிவாரத்திலேயே காத்திருந்தார்கள். ஆதம் தெருப்பிள்ளைகளோடு தமிழ் பேசி வளர்ந்தார், கொடைக்கானலில் பள்ளிக்கூடம் போனார், அப்புறம் இங்கிலாந்து, அமெரிக்கா. யுத்தம் முடிந்து திரும்பிய அப்பாதான் பின்னால் 1964ல் ரமணாசிரமத்தின் 'மவுண்டன் பாத்' பத்திரிகையைத் தொடங்கியவர்.

அந்தப் பையன்தான் 1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் ஆஸ்பர்ன் 1 என்ற கணினியை வைத்தார். விற்பனையில் வெற்றி பெற்ற முதல் தூக்கிச் செல்லும் கணினி அது. தூக்கிச் செல்லும் என்றால் சும்மா இல்லை, சுமார் 11 கிலோ. தையல் மிஷின் பெட்டி மாதிரி கைப்பிடி இருக்கும். விலை 1795 டாலர். வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க் எல்லாம் கூடவே வரும்.

திரை? 5 அங்குலம். இரண்டு பக்கமும் ஃப்ளாப்பி டிரைவ், நடுவில் ஜன்னல் மாதிரி ஒரு குட்டித் திரை. விமான இருக்கைக்கு அடியில் தள்ளும் அளவுக்குப் பெட்டி இருக்கவேண்டும் என்பது கணக்கு. வடிவமைத்த லீ ஃபெல்சன்ஸ்டீன் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஒரு வரியில் 128 எழுத்துகள் வரை நினைவில் இருக்கும், கண்ணுக்குத் தெரிவது 52 மட்டும். மீதியைப் பார்க்க விசையைத் தட்டித் தட்டி திரையை நகர்த்திக்கொள்ள வேண்டும். இன்றைக்கு 13 அங்குல லேப்டாப்பில் ஒரு போட்டோவைப் பெரிதாக்கி, மாப்பிள்ளை முகத்திலிருந்து பெண் முகத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறோமே, அதே வேலைதான்.

ஜனங்கள் கொஞ்ச நாள்தான் பொறுத்தார்கள். 1982ல் கேப்ரோ II வந்தது. 9 அங்குலத் திரை, ஒரு வரிக்கு 80 எழுத்து, விலையும் குறைவு. அடுத்து காம்பாக். அதுவும் 9 அங்குலம், ஐபிஎம் மென்பொருளும் ஓடும். ஆஸ்பர்ன் 7 அங்குலத் திரையோடு எக்ஸிக்யூட்டிவ் என்ற அடுத்த மாடலை அறிவித்தார். ஆனால் 1983 செப்டம்பரில் கம்பெனி திவால். புது மாடலை முன்கூட்டியே சொன்னதால் பழையது விற்காமல் போனது என்று நிர்வாகப் பாடப்புத்தகங்களில் 'ஆஸ்பர்ன் எஃபெக்ட்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். என் எண்ணம், அந்த 4 அங்குல வித்தியாசத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. கடையில் இரண்டு பெட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண் எங்கே போகும்? உடம்பு முடியாமல் இந்தியா திரும்பிய ஆஸ்பர்ன், 2003ல் கொடைக்கானலில் காலமானார்.

இதையெல்லாம் இப்போது தேடி எழுதக் காரணம் ஒரு சீட்டுப் பணம்.

எனக்கு அக்கா முறை ஒருத்தர் தாராவி கிராஸ் ரோடு பக்கம் இருக்கிறார். அத்தான் தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். பையன் பி.காம். முடித்துவிட்டு கல்யாண போட்டோ எடுக்கிறான். மாட்டுங்கா சங்கர மடம், ஆஸ்திக சமாஜம், செம்பூர் செட்டா நகர் முருகன் கோயில், சமயத்தில் டோம்பிவிலி வரைக்கும். எடுத்துக் கொடுப்பான், கார்டை ஸ்டூடியோக்காரர் வாங்கிக்கொள்வார். திருத்தி, ஆல்பம் போட்டு காசு பார்ப்பது அவர். இவனுக்கு அன்றைய கூலி. தானே திருத்தினால் முழுசும் தனக்கு வரும் என்று கணக்குப் போட்டான். அக்கா ரெண்டு வருஷமாகக் கட்டிய சீட்டை எடுத்து 70,000 ரூபாய் கையில் கொடுத்தார். "தம்பி, நீ பெரிய ஆபீஸ்ல இருக்கே. பெருசாப் பார்த்து வாங்கிக் குடு. குடுக்குற காசுக்கு கண்ணுக்குத் தெரியணும்ல" என்றார். பையனோ, "மாமா, பெருசு வேண்டாம். இப்ப ரிசப்ஷன் அன்னிக்கே மண்டபத்துல படம் ஓட்டிக் காட்டச் சொல்றாங்க. கேமரா பை, லைட்டு, இதுல இது வேறயா, ஆறு மணி லோக்கல்ல ஏறவே முடியாது" என்கிறான். மும்பையில் பையை முதுகில் போட்டால் பின்னால் நிற்பவர் திட்டுவார், நெஞ்சில்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். 15.6 அங்குலப் பையை நெஞ்சில் கட்டிக்கொண்டு குர்லாவில் வண்டி மாறிப் பாருங்கள், தெரியும் :-)

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். இது படம் எடுப்பவர்களின் பழைய சண்டை. கணினிக்கும் முந்தியது.

1856ல் சென்னை அரசாங்கம் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைத் தன் போட்டோகிராபராக நியமித்தது. ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று அவர் சுற்றி எடுத்த படங்கள்தான் நம் கோயில்களின் மிகப் பழைய போட்டோக்களில் அடங்கும். அன்றைக்குப் பெரிதாக்கி பிரிண்ட் போடும் வசதி கிடையாது. நெகட்டிவ் எவ்வளவோ படமும் அவ்வளவே. அவருடைய நெகட்டிவ் சுமார் 10க்கு 14 அங்குலம். மூலைக்கு மூலை அளந்தால் 17 அங்குலம் வருகிறது. 17 அங்குல லேப்டாப்! கேமரா, ரசாயனம், கூடாரம் எல்லாம் மாட்டு வண்டியில் போயின. மனுஷர் நெகட்டிவின் பின்பக்கம் வண்ணம் தீட்டி, வெறுமையான வானத்தில் மேகம் வரைந்திருக்கிறார். போட்டோஷாப்புக்கு 130 வருஷம் முன்னால். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை வரிசையாக எடுத்து 21 பிரிண்டுகளை ஒட்டி 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். செலவு தாங்காது என்று அரசாங்கம் அடுத்த ஓரிரு வருஷத்தில் கடையைச் சாத்திவிட்டது.

பம்பாய் ஜே.ஜே. கலைக்கல்லூரியில் படித்த ஹோமாய் வியாரவாலா, இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர், ஸ்பீட் கிராஃபிக்கையும் ரோலிஃப்ளெக்ஸையும் தூக்கிக்கொண்டு அலைந்தவர். ரோலிஃப்ளெக்ஸில் குனிந்து பார்க்கிற கண்ணாடி 6 சென்டிமீட்டர் சதுரம், குறுக்களவு மூன்றரை அங்குலம்கூட இல்லை. தெருவில் அது போதும். மீதி வேலைக்கு இருட்டறையும் பெரிய காகிதமும் இருந்தன.

போட்டோஷாப்பே சின்னத் திரையில் பிறந்ததுதான். 1987ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் தாமஸ் நோல் தன் மேக் பிளஸில் எழுதிய நிரலிலிருந்து வந்தது அது. 9 அங்குலத் திரை, 512க்கு 342 புள்ளிகள், கறுப்பு இல்லாவிட்டால் வெள்ளை, நடுவில் சாம்பல் நிறமே கிடையாது. அதில் எப்படிச் சாம்பல் நிறப் படத்தைக் காட்டுவது என்று முட்டிமோதியதுதான் ஆரம்பம். அண்ணனும் தம்பியுமாக அதை வளர்த்து, 1990ல் அடோபி வெளியிட்டது.

சரி, அக்காவின் 'பெருசு'க்கு வருவோம். நான் பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்த இடம் இதுதான்.

திரையின் அளவு என்று கடையில் சொல்வது மூலைக்கு மூலை நீளம். அகலமும் இல்லை, உயரமும் இல்லை, பரப்பும் இல்லை. 2000ஐ ஒட்டி நாம் பார்த்த 15 அங்குல லேப்டாப் 4:3 வடிவம். அகலம் 12, உயரம் 9, பரப்பு 108 சதுர அங்குலம். அப்புறம் 15.4 வந்தது, 16:10 வடிவம். உயரம் 8.16, பரப்பு 106.6. 2008, 2009 வாக்கில் 15.6 வந்தது, 16:9. உயரம் 7.65, பரப்பு 104. அட்டைப்பெட்டியில் எண் ஏறிக்கொண்டே போனது, திரை குறைந்துகொண்டே வந்தது! டிவியும் லேப்டாப்பும் ஒரே வடிவமானால் தொழிற்சாலையில் பெரிய கண்ணாடியை வெட்டும்போது சேதாரம் குறையும், அதிகத் துண்டு கிடைக்கும். நஷ்டம் யாருக்கு? நெடுக்காக நிற்கும் படம் எடுப்பவனுக்கு. தலையிலிருந்து பாதம் வரை நிற்கும் கல்யாணப் பெண்ணுக்கு 9 அங்குல இடம் இருந்தது, 7.65 ஆகிவிட்டது.

2020 வாக்கில் 16:10 திரும்பி வர ஆரம்பித்தது. இப்போது கிடைக்கும் 16:10 வடிவ 14 அங்குலத் திரையின் உயரம் 7.42. அந்த 15.6க்கும் இதற்கும் உயரத்தில் கால் அங்குலம்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் பெட்டியின் அகலம் 36 சென்டிமீட்டரிலிருந்து 31, 32க்கு வந்துவிடும், எடையும் முக்கால் கிலோ குறையலாம். 3:2 வடிவத்தில் 13.5 அங்குலம் என்றால் உயரம் 7.49. கேமரா படமும் 3:2தான், 1925ல் லைக்கா பழக்கிவிட்ட வடிவம். பட்ஜெட் இடம் கொடுத்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

புள்ளிகளின் கணக்கு தனி. இப்போது சாதாரண கேமராவே 6000க்கு 4000, அதாவது 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் தருகிறது. இந்தியாவில் ரொம்ப வருஷம் மலிவாக விற்ற 1366க்கு 768 திரையில் அதை முழு அளவில் வைத்தால் நூற்றில் நாலரைப் பங்குகூடத் தெரியாது. 1920க்கு 1080ல் எட்டரைப் பங்கு. 2012ல் ஆப்பிள் 15.4 அங்குலத்தில் 2880க்கு 1800 கொண்டுவந்தபோதுதான் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியது. தன் 17 அங்குல லேப்டாப்பை அதே ஆண்டில் ஆப்பிள் நிறுத்தியதும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நுணுக்கம் பார்க்கப் பெரிய கண்ணாடி வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்துவிட்டது.

இதையெல்லாம் விட முக்கியமானது நிறம். கடையில் கேட்டால் சொல்ல மாட்டார்கள், நாம்தான் விவரத்தாளில் தேடவேண்டும். 45 சதவீதம் என்.டி.எஸ்.சி. என்று போட்டிருந்தால் வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறங்களில் மூன்றில் இரண்டு பங்குகூடச் சரியாகக் காட்டாது. 72 சதவீதம் என்றால் ஏறக்குறைய முழுசும் வரும். நம் கல்யாணத்தில் என்ன நிறம்? அரக்குக் கூறைப்புடவை, குங்குமம், மஞ்சள், தங்கம். மட்டமான திரை இந்தச் சிவப்பைத்தான் முதலில் வெளுக்கும். பையன் திரையில் மங்கலாகத் தெரிகிறதே என்று சிவப்பை ஏற்றுவான், ஆல்பம் அச்சாகி வரும்போது மாமியார் முகமெல்லாம் செங்கல். 30 பக்க ஆல்பத்தைத் திரும்ப அடித்தால் அந்த மாசச் சம்பாத்தியம் போயிற்று. அதோடு பழைய டி.என். வகைத் திரையை மேலிருந்து பார்த்தால் ஒரு வெளிச்சம், கீழிருந்து பார்த்தால் இன்னொன்று. ஐ.பி.எஸ். வகையில் அந்தத் தொல்லை குறைவு.

அக்காவிடம் இத்தனையும் சொல்லவில்லை. பேப்பரை வெட்டி 15.6ம் 14ம் அந்தந்த அளவில் தரையில் போட்டுக் காட்டினேன். உயரத்தை விரலால் அளந்து பார்த்துவிட்டு, "அகலத்துலதான்டா கொறையுது" என்றார். சரியாகத்தான் பிடித்தார். "அந்த அகலத்துக்கு வீட்டுல வேற ஏற்பாடு பண்ணலாங்கா" என்றேன். 14 அங்குலம், 16:10, 72 சதவீதம் என்று முடிவாயிற்று. மிச்சப் பணத்தில் லாமிங்டன் ரோட்டில் பழைய 24 அங்குல ஐ.பி.எஸ். மானிட்டர் ஒன்று. வீடு 10க்கு 10 அறை, மேஜைக்கு இடம் இல்லை, அதனால் சுவரில் இரும்புக் கை வைத்து மாட்டியாகிவிட்டது. பகலில் அதில் சீரியல் ஓடுகிறது, ராத்திரி பத்து மணிக்கு மேல் பையன் கைக்கு வரும்.

பை வாங்க சயான் – பாந்த்ரா இணைப்புச் சாலையில் ஒரு தோல் கடைக்குப் போனோம். ஊர்க்காரர், திருநெல்வேலிப் பேச்சு. 14 இஞ்ச் லேப்டாப்புக்கு என்று ஆரம்பித்தேன். "இஞ்செல்லாம் சொல்லாதிய அண்ணாச்சி, பொட்டியக் கொண்டாங்க" என்று கையை நீட்டினார். லேப்டாப்பை வாங்கிக் கவிழ்த்து வைத்து, டேப்பால் அகலம், ஆழம், தடிமன் மூன்றையும் அளந்தார். மூலைக்கு மூலை அளக்கவே இல்லை.