உபதேசியாரை உருவாக்கிய மலை: கொத்மலை வட்டாரத்தில் ஊழிய ஆயத்தத்தின் வரலாறு

1854இல் மத்திய மலைநாட்டுக் கோப்பித் தோட்டத் துரைமார் சிலரும் சர்ச் மிஷனரி சங்கமும் சேர்ந்து ஒரு பணியைத் தொடங்கினர். அதன் பெயர் ‘தமிழ்க் கூலி மிஷன்’. மிஷனரியைச் சங்கம் அனுப்பும். உபதேசிமாரின் சம்பளத்துக்குத் துரைமார் சந்தா கொடுப்பர். திருநெல்வேலியில் ஊழியம் செய்து தமிழ் நன்கு அறிந்திருந்த செப்டிமஸ் ஹாப்ஸ் அதன் பொறுப்பை ஏற்றார். உபதேசிமாரும் திருநெல்வேலியிலிருந்தே வந்தார்கள். ஊழிய அழைப்புக்கு ஒருவர் தம்மை ஆயத்தம் செய்வது எப்படி என்பதற்கு மலையகம் தந்த விடை இந்த உபதேசிமாரின் வாழ்விலிருந்தே பிறந்தது என்பது இக்கட்டுரையின் துணிபு.

அவர்களை அனுப்பிய திருநெல்வேலித் திருச்சபையில் முறையான பயிற்சி இருந்தது. பாளையங்கோட்டையில் எட்வர்ட் சார்ஜென்ட் நெடுங்காலம் உபதேசிமாரையும் ஆசிரியர்களையும் பயிற்றுவித்தார். வேதபாடம், பிரசங்கம், ஒழுங்கான ஜெபம் ஆகியவற்றோடு வந்தவருக்கு மலையில் காத்திருந்தது வேறொரு பள்ளி.

புசல்லாவை, ரம்பொடை, பூண்டுலோயா எனக் கொத்மலைப் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த தோட்டங்களில் விடியுமுன் தப்புச் சத்தம் கேட்கும். ஆட்கள் பெரட்டுக்களத்தில் கூடி மலைக்குப் போய்விட்டால், உபதேசியார் அவர்களோடு அமர்ந்து பேச அந்தியாக வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில் அடுப்பும் படுக்கையும் பிள்ளைகளும் நிறைந்திருக்க, இஸ்தோப்பில்தான் ஜெபக்கூட்டம். பகலெல்லாம் மலையேறி உழைத்துக் களைத்தவர் முன் நீண்ட பிரசங்கம் எடுபடாது. சுருக்கமாகப் பேசவும், நோயாளியருகில் பேசாமல் உட்காரவும் பழக வேண்டியிருந்தது. அடுத்த தோட்டத்துக்குப் பெரும்பாலும் நடைதான்.

இதைவிடக் கடினமான ஆயத்தம் உள்ளத்தில் நடக்க வேண்டியிருந்தது. திருநெல்வேலிச் சபைகளில் நாடார் சமூகத்தவர் பெருந்தொகையினர். தோட்டத் தொழிலாளரிலோ பள்ளரும் பறையரும் பெருந்தொகையினர். அவர்கள் வீட்டில் உண்ணத் தயங்கும் உபதேசியாரின் வேதத்தை யார் கேட்பார்? இன்னொரு சோதனை சம்பளம். துரையின் அனுமதியின்றித் தோட்டத்துக்குள் நுழைய முடியாது. துரையின் பணமே கூலி. அந்த நிலையில் கங்காணியின் கடன் கணக்கில் நசுங்கியவரின் பக்கம் நிற்க நெஞ்சுரம் வேண்டும். எல்லோரும் நின்றார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் உபவாசத்தையும் தியானத்தையும்விட இந்தச் சோதனையே அழைப்பின் உண்மையைக் காட்டியது என்பது என் உறுதியான கருத்து. மோசேயும் மீதியானில் ஆடு மேய்த்த ஆண்டுகளுக்குப் பிறகே பார்வோன் முன் நின்றார்.

1869இல் தோன்றிப் பரவிய இலைநோய் கோப்பியை அழித்தது; அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பிக்குப் பருவத்தில்தான் ஆட்கள் அதிகம் தேவை. தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்தெடுக்க வேண்டும். குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. நிலையான சபைக்கும் பள்ளிக்கும் வழி பிறந்தது. 1835இல் இலங்கை வந்து, ஒருமுறைகூடத் தாயகம் திரும்பாமல் 1886இல் இறந்த சர்ச் மிஷனரி சங்க மிஷனரி வில்லியம் ஓக்லி இக்காலமாற்றத்தைக் கண்டவர்.

கத்தோலிக்கத் திருச்சபை வேறு பாதையில் போனது. பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயரின் விருப்பப்படி 1893இல் கண்டி அம்பிட்டியவில் குருமடம் தொடங்கியது. இந்தியாவுக்கும் இலங்கைக்குமான குருக்களை இயேசு சபையினர் அங்கே உருவாக்கினர். 1955இல் அது பூனாவுக்கு மாறியது. மௌனம், கல்வி, ஆன்மப் பரிசோதனை எனப் பல்லாண்டு நீளும் அந்த ஆயத்தத்தின் ஆழம் மறுக்க முடியாதது. ஆனால் அதன் மதில்கள் லயத்துக்கு எட்டத்திலேயே இருந்தன.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தொழிலாளரில் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அவர்களோடு சபை மக்களும் பிரிந்தனர். இதற்கிடையே 1963இல் பிலிமத்தலாவையில் இலங்கை இறையியற் கல்லூரி எழுந்தது. சிங்களத்திலும் தமிழிலும் ஊழியருக்கு இந்த மண்ணிலேயே பயிற்சி கிடைத்தது. 1972இல் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் கண்டியில் தொடங்கிய சத்தியோதயம், தோட்ட மக்களின் உரிமைக்காக உழைப்பதையும் விசுவாச வாழ்வின் பகுதியாக்கியது. அந்த உபதேசியாரின் இஸ்தோப்புக்கு அருகே திருச்சபை திரும்பி வந்த காலம் இதுவே.

கொத்மலை, ஹற்றன் பகுதிச் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளும் உபதேசிமாரின் கையேடுகளும் உங்கள் பீரோக்களில் இருந்தால், செல்லரிக்குமுன் படியெடுத்து ஒரு பிரதியை இறையியற் கல்லூரி நூலகத்தில் சேருங்கள்.