ஓசூரில் மூன்று கோடி

தொலைக்காட்சிப் பெட்டியோடு ஒரு சின்னக் கணினியை இணைத்து, வீட்டில் சேர்ந்து கிடக்கும் படம், பாட்டு, நிழற்படம் எல்லாவற்றையும் ஒரே திரைக்குக் கொண்டுவரும் இலவச மென்பொருள் ஒன்றுக்குக் கோடி என்று பெயர். ஆங்கிலத்தில் நான்கே எழுத்து. இந்தப் பெயரை ஓசூரில் யாரிடம் சொன்னாலும் புதுச்சொல்லாகத் தோன்றாது. தமிழ் பேசும் வீட்டில் அது நூறு லட்சம். தெலுங்கு வீட்டில் கோழி. கன்னட வீட்டில் ஏரி நிரம்பி வழியும் இடம்.

தெலுங்குக் கோடி நம் கோழியேதான். தமிழின் ழகரம் தெலுங்கில் டகரமாகவும் கன்னடத்தில் ளகரமாகவும் போகும்: ஏழு, ஏடு, ஏளு, கோழி, கோடி, கோளி. ஊர்ப் பெயரிலும் இப்படி ஓர் ஒலி மாற்றம் உறைந்திருக்கிறது. பால் ஹாலு ஆனது, புலி ஹுலி ஆனது, பழங்கன்னடத்துப் ‘பொச’ ‘ஹொச’ ஆனது. ஹொச ஊரு என்றால் புது ஊர், நம் புத்தூர். அந்த ஹகரத்தையும் உதிர்த்துவிட்டுத் தமிழ் நாக்கு ஓசூர் என்கிறது. தமிழிலேயே கோடி ஒன்றல்ல. எண்ணைக் குறிப்பது வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு வில்லின் முனை, கடைக்கோடி என்றும் பொருள், தனுஷ்கோடியில் நிற்பது அதுதான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் எடுக்கும் புதுத்துணியும் கோடிதான்.

ஒலி ஒத்துப்போனால் உடனே உறவு கொண்டாடுவது சொல்லாராய்ச்சியில் நம் ஆட்களுக்குப் பழைய வியாதி. மென்பொருளின் கோடிக்கு இந்தக் கோடிகளில் எதனோடும் ரத்தசம்பந்தம் இல்லை. அதன் பூர்வீகம் வேறு.

மைக்ரோசாஃப்ட் 2001 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் என்ற விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. பெயரிலுள்ள எக்ஸ், அதே நிறுவனத்தின் டைரக்ட்எக்ஸ் என்னும் நிரல் தொகுப்பிலிருந்து வந்தது. உள்ளே ஒரு கணினியே இருக்கும்போது விளையாட்டு மட்டும் ஏன் என்று சிலர் பூட்டை உடைத்து, படம் ஓட்டும் மென்பொருளை 2002-இல் எழுதினார்கள்: எக்ஸ்பாக்ஸ் மீடியா பிளேயர். அது வளர்ந்து எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர் ஆகி, 2004 ஜூனில் முதல் முழுப் பதிப்பு வந்தது. வாய்க்கு நீளம், எக்ஸ்.பி.எம்.சி. என்று சுருங்கிற்று. நம் கடைகளுக்கு எக்ஸ்பாக்ஸ் வந்ததே 2006-இல், அதுவும் அடுத்த தலைமுறைப் பெட்டி. ஆகவே இங்கே அந்த நான்கெழுத்தைக் கேட்டவர்களுக்கு அதன் விரிவு முதலிலிருந்தே தேவைப்படவில்லை.

பிறகு லினக்ஸ், விண்டோஸ், மேக் என்று எல்லாவற்றிலும் ஓடத் தொடங்கியது. 2010-இல் பழைய எக்ஸ்பாக்ஸைக் கைவிட்டார்கள். பெயரில் முன்னே நின்ற பெட்டி போய்விட்டது, எழுத்து மட்டும் தங்கியது. ஓசூர்க்காரருக்கு இதில் வியப்பு இருக்காது. சிப்காட் என்பது 1971-இல் தொடங்கிய மாநிலத் தொழில் மேம்பாட்டுக் கழகத்தின் ஆங்கில முதலெழுத்துகள் என்று யார் நினைக்கிறார்கள்? அது ஒரு இடம், ஷிஃப்ட் பஸ் நிற்குமிடம். டைட்டன் கைக்கடிகாரத்தைக் கட்டியிருப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரில் டாடா இண்டஸ்ட்ரீஸும் தமிழ்நாடும் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும்? முதலெழுத்துப் பெயர்கள் தம் விரிவை மறந்த பிறகே நன்றாக வாழ்கின்றன என்பது என் கட்சி.

ஆனால் எக்ஸ்.பி.எம்.சி.க்கு மறதி மட்டும் போதவில்லை. அந்தப் பெயரின் மேல் அதை உருவாக்கியவர்களுக்குச் சட்டப்படி ஒரு பிடியும் இருக்கவில்லை. 2014 ஆகஸ்டில் பெயரை மாற்றப்போவதாக அறிவித்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் 14-ஆம் பதிப்பு கோடி என்ற பெயரோடு வந்தது.

பதிப்புகளுக்கு ஆங்கில அகரவரிசையில் செல்லப்பெயர் வைப்பது இவர்கள் வழக்கம்: அட்லாண்டிஸ், பாபிலோன், கேம்லாட். நான்காவதாக, 2010 டிசம்பரில் வந்தது தர்மா. வேண்டிய துணைகளை மென்பொருளுக்குள்ளிருந்தே தேடி நிறுவிக்கொள்ளும் ஏற்பாடு முறையாக அமைந்தது இதில்தான். துணையைக் குறிக்க இரண்டு சொற்கள் புழங்குகின்றன, இரண்டும் ஒன்றல்ல. ஆட்-ஆன் என்பது மொத்த இனம். பிளகின் அதில் ஒரு வகை. திரையின் தோற்றத்தை மாற்றும் ஸ்கின், படத்தின் விவரத்தை இணையத்திலிருந்து திரட்டும் ஸ்கிரேப்பர், துணைகளைச் சேர்த்துவைக்கும் ரெப்போ எல்லாம் ஆட்-ஆன்களே. 2015-இன் 15-ஆம் பதிப்பிலிருந்து மொழியும் ஓர் ஆட்-ஆன். தமிழும் அப்படித்தான் வந்து சேர்கிறது. நிறுவியதும் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால், ஸ்கின் அமைப்பில் எழுத்துருவை ஏரியல் சார்ந்ததற்கு மாற்றிப் பார்க்க வேண்டும். தமிழில் பிளகினுக்குச் செருகுநிரல் என்றும் ஆட்-ஆனுக்குத் துணைநிரல் என்றும் ஆக்கியிருக்கிறார்கள். நல்ல சொற்கள், வேறுபாட்டையும் காக்கின்றன. பேச்சில் மட்டும் ஆட்-ஆன் அசைய மறுக்கிறது.

ஸ்கிரேப்பரைச் சரியாக வேலை வாங்குவதும் பெயர் வைக்கும் கலைதான். பில்லா என்று மட்டும் கோப்புக்குப் பெயரிட்டால் எந்தப் பில்லா? 1980-இல் ரஜினி, 2007-இல் அஜித், 2009-இல் தெலுங்கில் பிரபாஸ். மூன்றும் இருக்கக்கூடிய ஓசூர் வீட்டில் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஆண்டைப் போடாவிட்டால், அஜித் படத்துக்கு ரஜினி சுவரொட்டி வந்து உட்காரும்.

கோடிக்கு ஒரு கெட்ட பெயரும் ஒட்டிக்கொண்டது. கோடி தன்னோடு எந்தப் படத்தையும் கொண்டுவருவதில்லை. ஆனால் திருட்டுப் படங்களைக் காட்டும் ஆட்-ஆன்களை ஏற்றி விற்ற பெட்டிகளைப் பிரிட்டனில் கோடி பாக்ஸ் என்றே அழைத்தார்கள். இத்தகைய ஆட்-ஆன்களை முன்கூட்டியே நிறுவிய கருவியை விற்பது பதிப்புரிமை மீறல் ஆகும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017 ஏப்ரலில் சொன்னது; விற்றது யாரோ, பழி பெயருக்கு. தெரியாத மூலங்களிலிருந்து நிறுவலாம் என்ற சொடுக்கியைத் தொடும்போது கோடி எச்சரிப்பதை அலட்சியம் செய்யக் கூடாது. ஆட்-ஆன் என்பது உங்கள் கணினியில் ஓடும் நிரல்; எழுதியவர் யாரென்று பார்த்தே நிறுவ வேண்டும்.

பழைய பெயர் முழுக்க அழிந்துவிடவும் இல்லை. இன்று ஒருவர் கோடிக்கு ஆட்-ஆன் எழுத உட்கார்ந்தாலும், பைத்தான் நிரலின் தொடக்கத்தில் அவர் அழைக்கும் தொகுதியின் பெயர் எக்ஸ்.பி.எம்.சி.தான். மாற்றினால் ஏற்கெனவே எழுதிய ஆட்-ஆன்கள் எல்லாம் படுத்துவிடும். 2017 டிசம்பரில் எக்ஸ்பாக்ஸ் ஒன் பெட்டியில் இந்த மென்பொருள் மறுபடி வந்து இறங்கியது, இந்தமுறை மைக்ரோசாஃப்ட் கடையின் வழியாகவே. அதற்குள் பெயரிலிருந்து எக்ஸ்பாக்ஸ் நீங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.