ஹோகர் மலையில் ஒரு சகோதரர்

அல்ஜீரியாவின் தென்பகுதியில், சகாரா பாலைநிலத்தின் நடுவே ஹோகர் மலைகள் உயர்ந்து நிற்கின்றன. அங்கு ஆடும் ஒட்டகமும் மேய்த்து வாழ்ந்துவந்த துவாரெக் மக்கள் இஸ்லாமியர். இத்தகைய மக்களுக்காக நாம் எப்படிச் செபிப்பது? புனித சார்லஸ் தெ ஃபூக்கோவின் வாழ்வு நமக்கு வழிகாட்டுகிறது.

1858-ம் ஆண்டு பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பிறந்த இவர், இளமையில் இறைநம்பிக்கையை இழந்தார். வட ஆப்ரிக்காவில் முஸ்லிம்கள் இறைவன் திருமுன் பணிந்து தொழுவதைக் கண்டது அவரது உள்ளத்தை அசைத்தது. 1886-ல் மனம் திரும்பினார். 1901-ல் குருவானார். 1905-ல் ஹோகர் மலைப்பகுதியிலுள்ள தமன்ராசெட்டில் குடியேறினார்.

அன்னை மரியா இயேசுவைத் தம் வயிற்றில் சுமந்து எலிசபெத்தைச் சந்தித்ததுபோல, நற்கருணை ஆண்டவரோடு இம்மக்கள் நடுவே வாழ விரும்பினார். அவர்களது மொழியைக் கற்று, அகராதி தொகுத்தார். அவர்களது கவிதைகளைக் கேட்டு எழுதினார்.

ஆயினும் அவர் பிரெஞ்சு ஆட்சி பரவிய காலத்தில், அதன் துணையோடு வந்தவர். கொடுப்பவராகவே தம்மை எண்ணியிருந்தார். 1908 சனவரியில் அந்த நிலை மாறியது. கடும் வறட்சிக் காலத்தில் அவர் நோயுற்று, எழ முடியாமல் கிடந்தார். துவாரெக் மக்கள் சுற்றுப்புறமெங்கும் தேடி, கிடைத்த சிறிதளவு ஆட்டுப்பாலைக் கொண்டுவந்து அவரைக் காப்பாற்றினார்கள். அன்றுமுதல் அவர் பெற்றுக்கொள்பவரும் ஆனார். நட்பு அங்குதான் வேரூன்றியது.

1916 டிசம்பர் 1 அன்று, ஆயுதம் தாங்கியவர்களால் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரோடு தங்கி வாழ ஒரு துறவியும் நிலைக்கவில்லை. துவாரெக் மக்களும் திருச்சபையில் சேரவில்லை. அப்படியானால் அவரது பணி தோல்வியா? துவாரெக் தலைவர் மூசா அக் அமஸ்தான், சார்லசின் சகோதரிக்குத் துயரத்தோடு ஆறுதல் மடல் எழுதினார். 1933-லும் 1939-லும், அவர் காட்டிய வழியில் இயேசுவின் சிறிய சகோதரர், சிறிய சகோதரிகள் சபைகள் தோன்றின. 2022 மே 15 அன்று, நம் மறைசாட்சி தேவசகாயத்தோடு அவரும் புனிதராக உயர்த்தப்பட்டார்.

பிறரை எண்ணிக்கையாகப் பார்க்கும் செபம் அவர்களை அறியாது. பக்கத்து வீட்டு முஸ்லிம் அன்பர் நோன்புக் கஞ்சி கொண்டுவரும்போது, அதை நன்றியோடு பெற்றுக்கொள்வதும் நற்செய்திப் பணியின் தொடக்கமே.

செபிப்போம்: இறைவா, துவாரெக் மக்களுக்கு மழையையும் அமைதியையும் தாரும். கொடுக்க மட்டுமே அறிந்த எங்களுக்கு, பெற்றுக்கொள்ளும் தாழ்ச்சியைத் தாரும். ஆமென்.