சொல் வந்த வழி – 17: பாரதிக்குக் கிடைக்காத சொல்

கூட்டுறவுச் சங்கப் பாஸ் புத்தகத்தில் ‘உறுப்பினர் எண்’ என்று ஓர் இடம் விட்டிருப்பார்கள். நூலகத்தில் சேரப் போனால் உறுப்பினர் படிவம் தருகிறார்கள். இன்று யாரும் நின்று யோசிக்காத இந்தச் சொல், நூறு வருஷத்துக்கு முன்னால் பத்திரிகையில் எழுதியவர்களுக்குக் கைவசம் இல்லை. அதனால் பட்ட பாட்டை பாரதி தன் கட்டுரைக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்.

அவசரமாக எழுதிக்கொண்டிருக்கிறார். ‘மெம்பர்’ என்ற சொல் வேண்டியிருக்கிறது. தமிழில் என்ன போடுவது? ‘அவயவி’ சரியில்லை. ‘அங்கத்தான்’ பொருந்தி வரவில்லை. ‘உறுப்பாளி’க்கும் மனம் ஒப்பவில்லை. ‘சபிகன்’ என்றால் பொருள் சரிதான், ஆனால் பொதுஜனத்துக்கு விளங்காது. அரைமணி நேரம் இப்படியே போகிறது. கடைசியில் மெம்பர் என்றே எழுதிவிட்டு, பண்டிதர்கள் யாராவது நல்ல சொல் தந்தால் புண்ணியம் என்று கேட்டுக்கொள்கிறார்.

அந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் ‘சபிகன்’ மேல்தான் கண் போகிறது. காசியில் சமஸ்கிருதம் படித்தவருக்கு அது சுலபமாகக் கைக்கு வந்த சொல். பிழையும் இல்லை. எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கலாம். அப்படிப் போகவிடாமல் அவரைத் தடுத்தது பத்திரிகைத் தொழில் கற்றுத்தந்த பழக்கம் என்றே நினைக்கிறேன். 1882-ல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கிய சுதேசமித்திரன் 1899-ல் நாளிதழானது. 1904-ன் கடைசியில் அங்கே உதவியாசிரியராகச் சேர்ந்த பாரதிக்கு ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவதே பெரிய வேலை. ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. கேட்கிறவருக்குப் புரியாத சொல்லால் யாருக்கு என்ன பயன்?

ஆங்கில மெம்பருக்கே மூலம் உடம்புதான். லத்தீனில் அது கை கால் போன்ற உறுப்பைக் குறித்த சொல். அவயவம், அங்கம், உறுப்பு என்று பாரதி தேடிப் போனதும் அதே வழியில்தான். தமிழுக்கும் இந்த உருவகம் புதிதில்லை. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை எல்லாம் செய்யுளின் உறுப்புகள் என்று நம் இலக்கணம் எப்போதோ சொல்லிவிட்டது. ஆக, வேர்ச்சொல் அவர் கைக்கு வந்துவிட்டது. இடித்தது விகுதி. கடனாளி, நோயாளி என்று ‘ஆளி’ வந்தால் அதை உடையவர் என்ற நினைப்பு முன்னால் வந்து நிற்கிறது. ‘இனர்’ அப்படியில்லை, குழுவினர், கூட்டத்தினர் என்று பலரோடு சேர்த்தே சொல்லிப் பழகிய விகுதி. அந்தச் சின்ன மாற்றம் நிலைப்பதற்குள் பல வருஷங்கள் ஓடிவிட்டன.

நடுவில் ‘அங்கத்தினர்’ வெகுகாலம் ஆண்டது. 1940-களின் வார இதழ்களைப் புரட்டினால் அக்கிராசனர், காரியதரிசி, அபேட்சகர் என்ற பரிவாரத்தோடு சட்டசபை அங்கத்தினரும் வருவார். தனித்தமிழ் உணர்வு மேடைக்கும் ஏடுகளுக்கும் பரவி, 1956-ல் ஆட்சிமொழிச் சட்டமும் வந்தபின், அவர்கள் தலைவர், செயலாளர், வேட்பாளர், உறுப்பினர் என்று மாறினார்கள். இலங்கைத் தமிழில் ‘அங்கத்தவர்’ இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அங்கேயும் பாராளுமன்றத்தில் இருப்பவர் உறுப்பினர்தான்.

பாரதி மனமில்லாமல் எழுதிய ‘மெம்பர்’ என்ன ஆயிற்று? ஊராட்சிக்கு வார்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறவரை அரசாணை ‘வார்டு உறுப்பினர்’ என்கிறது. தேர்தல் சுவரொட்டியிலும் அப்படித்தான் அச்சாகிறது. தெருவிளக்கு நாலு நாளாக எரியவில்லை என்றால் மட்டும், “மெம்பர் வீட்டுல போய்ச் சொல்லிட்டு வா” என்றுதான் ஊரில் பையனை அனுப்புகிறார்கள்.