மகமையும் நான்கு பேர் அறையும்

அரசாங்கமே இல்லாமல் மக்கள் கூடி வாழ முடியுமா, அப்படிக் கிடைக்கும் விடுதலை நிலைக்குமா? சென்னையில் 1887இல் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா முடியும் என்றே நம்பினார். 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். பிறகு அதிகாரமே வேண்டாம் என்று அராஜகவாதியானார். விருதுநகர் மாவட்டத்து எம். புதுப்பட்டிக்காரனான எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்டதும் விருதுநகர் மகமைதான் ஞாபகத்துக்கு வரும்.

19ஆம் நூற்றாண்டில் கோவிலுக்குள்ளும் நுழைய முடியாதிருந்த நாடார் வணிகர்கள், வண்டியும் சரக்கும் பத்திரமாகத் தங்கப் பேட்டைகள் கட்டினார்கள். விற்ற சரக்குக்கு ஏற்ப ஒரு சிறு தொகை பொதுவுக்குப் போகும். அதுதான் மகமை. வசூலிக்கத் தாசில்தார் வரவில்லை. உறவின்முறை என்ற சாதிச் சங்கத்தில் கல்யாணமான ஆண்கள் முறைவைத்துப் பொறுப்பேற்றார்கள். கணக்கு கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. 1880களில் எழுந்த க்ஷத்திரிய வித்யாசாலைக்கு வீடுகளிலிருந்து பிடியரிசி போனது. உலையில் போட அரிசி அளக்கும்போதே பெண்கள் ஒரு பிடியை அள்ளித் தனிக் கலயத்தில் இடுவார்கள். ஆள் வந்து வாங்கிப்போவார். விற்ற காசில் பள்ளி நடக்கும். காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில்தான். எந்தச் சர்க்கார் உத்தரவும் இதைச் செய்திருக்காது என்று அடித்துச் சொல்வேன்.

ஆனால் அரிசி அள்ளிய பெண் கூட்டத்தில் உட்காரவில்லை. கட்டுப்பாட்டை மீறியவருக்கு அபராதம், மிஞ்சினால் விலக்கிவைப்பு. வேறு சாதிக்காரருக்கு அங்கே குரலே கிடையாது. சமமானவர்களுக்குள் அது விடுதலை. ஓரத்தில் நின்றவர்களுக்கு இன்னொரு அதிகாரம்.

கேட்க அரசாங்கம் வராத இடத்தில் ஓரத்தில் நிற்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதை எங்கள் பட்டாசுத் தொழிலில் கண்ணாரக் காணலாம். மருந்து வேலை நடக்கும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. உள்குத்தகைக்குப் போன ஆலையில் அறைக்குள் எத்தனை பேர் என்று எண்ணிப்பார்க்க ஆளில்லை. மர நிழலில் பாயை விரித்தும் வேலை நடக்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில், உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட ஆலையில் வேலை நடந்தது. வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2023 அக்டோபர் 17இல் ரெங்கபாளையத்தில் இன்னொரு வெடி விபத்து. மாண்டவர்களில் பெண்களே அதிகம்.

மருந்து செலுத்தும் பெண், “இந்த அறையில் ஆள் அதிகம், நான் உட்கார மாட்டேன்” என்று சொல்லிவிட்டு மறுநாளும் அதே ஆலையில் கூலி வாங்க முடியவேண்டும். அந்த நிலை வரும்வரை ஆய்வாளர் வேண்டும். அறை அறையாக ஏறி இறங்கி எண்ணவேண்டும்.