பூல் பெட்ரோலும் புல்லட்டும்

இங்கிலாந்தின் சாலைகளில் மோட்டார் சைக்கிள்கள் பெருகத் தொடங்கிய, சென்ற நூற்றாண்டின் முதற் பதினைந்து ஆண்டுகளில், பெட்ரோல் என்பது இரண்டு காலன் கொள்ளும் முத்திரையிட்ட டின்களில், சைக்கிள் கடைகளிலும் இரும்புச் சாமான் கடைகளிலும், சிற்சில ஊர்களில் மருந்துக் கடைகளிலுங்கூட விற்கப்பட்ட ஒரு சரக்காக இருந்தது. அதன் உயர்வு தாழ்வை நிர்ணயிக்க அக்காலத்து ஜனங்கள் கைக்கொண்ட பிரமாணம் அடர்த்தி ஒன்றே. அன்றைய கார்பரேட்டர்களிற் பல, தேங்கி நிற்கும் பெட்ரோலின் மேற்பரப்பைக் காற்று தடவிச் சென்று ஆவியை ஏந்திக்கொண்டு போகும் எளிய அமைப்பு உடையவையாதலால், விரைவில் ஆவியாகும் இலேசான பெட்ரோல் இல்லாவிட்டால் வண்டி கிளம்புவதே பிரயாசை; ஆகவே இலேசானது உத்தமம், கனத்தது அதமம் என்னும் கொள்கை வேரூன்றிவிட்டது. கருத்துள்ள வண்டிக்காரர்கள் கண்ணாடி அடர்த்திமானி ஒன்றைக் கூடவே வைத்திருந்தார்கள். அந்த அடர்த்திமானி நம் நாட்டுப் பெட்ரோல் பங்க்குகளில் இன்றும் இருக்கிறது. ஆனால் கலப்பட சந்தேகம் கொண்ட வாடிக்கையாளருக்குச் சோதித்துக் காட்டுவதே அதற்கு இன்று விதிக்கப்பட்ட வேலை.

இந்தக் கொள்கைக்குப் பிடிபடாத ஒரு வியாதி இஞ்சினுக்குள் இருந்தது. மேட்டுச் சாலையில், மேல் கியரிலேயே வண்டியை ஏற்ற முயலும்போது, தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்கினாற்போல் சிலிண்டருக்குள் ஓர் ஓசை எழும், இழுவை குறையும், உலோகம் கொதிக்கும், விடாமல் ஓட்டினால் பிஸ்டனே ஓட்டையாகிவிடும். காற்றின் குளிர்ச்சி ஒன்றையே நம்பியிருக்கும் மோட்டார் சைக்கிளின் ஒற்றைச் சிலிண்டருக்கு, நீரால் குளிர்விக்கப்படும் கார் இஞ்சினைக் காட்டிலும் இத்தொல்லை அதிகம். நல்ல வேளையாக, அன்றைய வண்டிகளின் கைப்பிடியில், தீப்பொறி எழும் நேரத்தை முன்னும் பின்னும் தள்ளும் சிறு நெம்புகோல் ஒன்று இருந்தது. தேர்ந்த ஓட்டுநன் ஓசை கேட்ட மாத்திரத்தில் அதைச் சற்றுப் பின்னுக்கிழுத்து, மேடு கடந்ததும் முன்னுக்குத் தள்ளுவான். ஓசையின் காரணம் மட்டும் அவனுக்குத் தெரியாது. தீப்பொறியிலிருந்து புறப்பட்ட சுவாலை ஒழுங்காகப் பரவி வரும்போது, அது இன்னும் எட்டாத மூலையில் அமுங்கிச் சூடேறி நிற்கும் மிச்சக் கலவை, சுவாலைக்குக் காத்திராமல் தானாகவே ஒரே கணத்தில் பற்றி வெடிப்பதனால் உண்டாகும் தட்டோசை அது. கலவையை எவ்வளவுக்கு இறுக அமுக்குகிறோமோ அவ்வளவுக்கு எரிபொருளிலிருந்து வேலை கிடைக்கும். அவ்வளவுக்கு இந்த அபாயமும் நெருங்கும். பெட்ரோலின் தர வரலாறு முழுவதும் இந்த ஒரு சிக்கலைச் சுற்றியே சுழல்கிறது.

சிக்கலை அவிழ்த்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர், கேம்பிரிட்ஜில் பேராசிரியர் ஹாப்கின்ஸனிடம் பயின்ற ஹாரி ரிக்கார்டோ. முதல் உலக யுத்தத்தில் டாங்கி வண்டிகளுக்கு இஞ்சின் அமைத்துக் கொடுத்த இம்மேதை, பல தேசத்துப் பெட்ரோல் மாதிரிகளைத் தம் சோதனை இஞ்சினில் இட்டுப் பார்த்தபோது, போர்னியோவிலிருந்து வந்த கனத்த பெட்ரோல், மற்றெல்லாவற்றையும்விட அதிக அமுக்கத்தைத் தட்டோசையின்றித் தாங்குவதைக் கண்டார். ஷெல் கம்பெனியின் நிர்வாகிகளில் ஒருவரான ராபர்ட் வேலி கோஹனிடம் அவர் இதைச் சொல்லி விசாரித்தால், அடர்த்தி அதிகம், ஆகவே விலைபோகாது என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பெட்ரோல் போர்னியோக் காட்டிலேயே டன் டன்னாகக் கொளுத்தப்பட்டு வருகிறதென்று தெரிய வந்தது! பிரமாணம் ஒன்று பிசகாக இருந்தால் எவ்வளவு செல்வம் புகையாகப் போகும் என்பதற்கு இதைவிடத் தக்க உதாரணம் நான் அறியேன். பின்னர் ஷெல்லின் ஆதரவோடு, ஷோர்ஹாம் என்னும் கடற்கரை ஊரில், ஓடிக்கொண்டிருக்கும்போதே அமுக்க விகிதத்தைக் கூட்டவும் குறைக்கவும் வாய்ப்புள்ள இஞ்சின் ஒன்றைச் செய்து, டிஸார்ட், பை என்னும் இரு விஞ்ஞானிகளோடு அவர் நடத்திய பரிசோதனைகள், பெட்ரோலின் தரம் அடர்த்தியில் இல்லை, தட்டோசையைத் தாங்கும் திறனில் இருக்கிறது என்பதை ஸ்தாபித்தன. அதே ரிக்கார்டோ டிரயம்ஃப் கம்பெனிக்காக நான்கு வால்வுகளுடைய மோட்டார் சைக்கிள் இஞ்சின் ஒன்றையும் அமைத்துத் தந்தார். ‘ரிக்கி’ என்ற செல்லப் பெயரோடு அவ்வண்டி 1920-களில் ஓடியது.

அமெரிக்காவில் இதே தட்டோசையைத் துரத்திக்கொண்டிருந்தவர் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிசாலையின் தாமஸ் மிட்ஜ்லி. சிவப்புச் சாயம் ஏற்றிய பெட்ரோல் வெப்பத்தை அதிகமாக உறிஞ்சித் தட்டாமல் எரியக்கூடும் என்ற தவறான அனுமானத்தோடு தொடங்கி, கைக்குச் சாயம் அகப்படாமையால் அயோடினைப் போட, ஓசை நின்றுவிட்டது; பிறகு அசல் சாயத்தைப் போட்டபோது நிற்கவில்லை. தவறான அனுமானத்தின் வழியே சரியான திசை புலப்பட்டது. டெல்லூரியம் நல்ல பலன் தந்தாலும், தொட்டவர் மேனியை விட்டுப் போகாத அதன் துர்நாற்றத்தால் கைவிடப்பட்டது. 1921 டிசம்பர் 9 அன்று ஈயம் சேர்ந்த ஒரு திரவம், அற்ப அளவிலேயே தட்டோசையை அடக்குவது தெரிந்தது. 1923 பிப்ரவரியில் ஒஹையோ மாகாணத்து டேடன் நகரில் ஈயப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. சாராயமும் தட்டோசையை அடக்கும் என்பதை மிட்ஜ்லி நன்கறிவார். ஆனால் சாராயத்துக்கு யாரும் ஏகபோக உரிமை கொண்டாட முடியாது, ஈயத்தைப்போல் சொட்டளவில் அது போதவும் போதாது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் ஈய விஷத்தால் தொழிலாளிகள் ஐவர் மாண்ட பிறகும், சிலகாலம் நின்றிருந்த விற்பனை மீண்டும் தொடங்கியது. இந்தியாவில் 2000 பிப்ரவரியில்தான் ஈயப் பெட்ரோல் அடியோடு ஒழிந்தது.

இடையே, அளவுகோல் ஒன்றும் வேண்டியிருந்தது. கிரஹாம் எட்கர் என்னும் ரசாயனி 1926-இல், எளிதில் தட்டும் நார்மல் ஹெப்டேனுக்குப் பூஜ்யமும், தட்டவே தயங்கும் ஐஸோ ஆக்டேனுக்கு நூறும் மதிப்பளித்து, இவ்விரண்டின் கலவைகளோடு பெட்ரோலை ஒப்பிடும் முறையை வகுத்தார். தூய ஹெப்டேன் அன்று கிடைத்தது ஒருவகைப் பைன் மரத்தின் பாலிலிருந்து. இன்று பங்க்கில் எழுதியிருக்கும் 91, 95 என்னும் எண்களின் பூர்வீகம் இதுவே.

இனி மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். இரு யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், பந்தய ஓட்டுநர்கள் நிலக்கரி வாயுத் தொழிலின் உபபொருளான பென்ஸோலைப் பெட்ரோலோடு சரிபாதி கலந்து ஊற்றி, அமுக்க விகிதத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள்; சாராயம் கலந்த பெட்ரோலும் ‘கிளீவ்லண்ட் டிஸ்கால்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. அந்த உல்லாசத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது 1939 செப்டம்பர். யுத்தம் மூண்டதும் பிரிட்டிஷ் சர்க்கார் எல்லாக் கம்பெனிகளின் பெட்ரோலையும் ஒன்றாகத் திரட்டிப் பெயரற்ற ஒரே சரக்காக, ‘பூல்’ என்ற தலைப்பின்கீழ், பங்கீட்டுச் சீட்டுக்கு விற்க உத்தரவிட்டது. பங்க்குகளிலிருந்து கம்பெனிப் பெயர்கள் மறைந்தன. உயர்தர எண்ணெய் அனைத்தும் ஆகாய விமானங்களுக்குப் போக, 100 ஆக்டேன் எரிபொருளைக் குடித்து ஸ்பிட்ஃபயர் விமானங்கள் வானில் போரிட, தரையில் ஓடும் வண்டிக்கு வாய்த்தது ஏறக்குறைய 70, 72 ஆக்டேன் மதிப்புள்ள சரக்கு. ராணுவத் தபால்காரர்கள் ஓட்டிய பி.எஸ்.ஏ., நார்ட்டன் வண்டிகளின் அமுக்க விகிதம் 5:1 அளவிலேயே இருந்தபடியால், இத்தரித்திரம் அவற்றை அவ்வளவாகப் பாதிக்கவில்லை.

யுத்தம் முடிந்தும் பூல் முடியவில்லை. 1947-இல் மான் தீவின் டி.டி. பந்தயம் மீண்டும் நடந்தபோது, பென்ஸோலை நம்பி வடிக்கப்பட்ட பந்தய இஞ்சின்கள், அமுக்கம் குறைக்கப்பட்டு, பூல் பெட்ரோலிலேயே ஓட வேண்டியிருந்தது. மணிக்கு 125 மைல் வேகம் கொண்டதென்று கொண்டாடப்பட்ட வின்சென்ட் பிளாக் ஷேடோ வண்டியின் அமுக்க விகிதங்கூட 7.3:1 தான், அமுக்கத்தில் இழந்ததை ஆயிரம் கன சென்டிமீட்டர்ப் பருமையால் வின்சென்ட் கம்பெனியார் ஈடுகட்டினார்கள். பங்கீடு 1950 மே மாதத்தில் நீங்கியது. கம்பெனிப் பெயர்களோ 1953 பிப்ரவரியில்தான் திரும்பின. ஏறக்குறைய பதின்மூன்றரை ஆண்டுகள், ‘எந்தப் பெட்ரோல் போடலாம்?’ என்ற கேள்விக்கே இங்கிலாந்தில் இடமில்லாதிருந்தது. வண்டிக்கேற்ற பெட்ரோல் என்ற நிலை மாறி, பெட்ரோலுக்கேற்ற வண்டி என்ற நிலை வந்துவிட்டது.

அப்படிப் பெட்ரோலுக்கேற்பப் பிறந்த வண்டிகளில் ஒன்றுதான் நம் சென்னைக்கு வந்தது. ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1949-ஆம் ஆண்டுக்கென வெளியிட்ட 346 கன சென்டிமீட்டர் புல்லட், பூல் பெட்ரோலைக் கருத்திற் கொண்டு 6.5:1 என்னும் அடக்கமான விகிதத்தோடு அமைந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுறவில் என்ஃபீல்டு இந்தியா தோன்றி, திருவொற்றியூரில் அவ்வண்டி உருவாகத் தொடங்கியது. இங்கிலாந்தில் பெட்ரோலின் தரம் உயர, வண்டிகளின் அமுக்கமும் உயர்ந்தது; 1967-இல் நட்சத்திரக் குறியிட்டு நான்கைந்து தரங்களாகப் பெட்ரோலைப் பிரித்து விற்கும் வழக்கம் அங்கே வந்தது; ரெட்டிச் ஆலையோ அதற்குச் சற்று முன்பின்னாக மூடப்பட்டது. சென்னையில் மட்டும் அந்த 6.5:1 அரை நூற்றாண்டு காலம் அசையாமல் நின்றது. இதைச் சோம்பல் என்று சொல்வாரும் உண்டு. என் அபிப்பிராயம் அதுவன்று. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலப்பது சர்வ சாதாரணமாயிருந்த ஒரு தேசத்தில், மண்ணெண்ணெய் ஆக்டேன் மதிப்பை வெகுவாகக் கீழிறக்குமாதலால், உயர்ந்த அமுக்கமுள்ள இஞ்சின் கிராமத்துச் சாலையில் தட்டித் தட்டியே உயிரை விட்டிருக்கும். புல்லட்டோ எதைக் கொடுத்தாலும் குடித்துவிட்டு நடந்தது. எப்போதாவது அது தட்டினால், மெக்கானிக்குகள் பெட்ரோலைக் குறை சொல்வதற்கு முன், ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டன் தலையில் படிந்த கரியைச் சுரண்டி எடுப்பார்கள். ‘டீகார்ப்’ என்று அவர்கள் சொல்லும் இவ்வேலை முடிந்தால் பெரும்பாலும் ஓசை நின்றுவிடும், ஏனெனில் படிந்த கரி இடத்தை அடைத்து அமுக்கத்தைத் தானே கூட்டிவிடுகிறது, நெருப்பாய்க் கனன்று கலவையை அகாலத்திலும் பற்றவைக்கிறது.

இப்போது நிலைமை தலைகீழ். 2000-இல் 88 என்றிருந்த நம் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் 2010-இல் தேசம் முழுவதும் 91 ஆயிற்று. 2020 டிசம்பரில், ஏறக்குறைய இரு மடங்கு விலையில், 100 ஆக்டேன் பெட்ரோலும் வந்தது. ‘நார்மலா, பவரா சார்?’ என்று பங்க்குப் பையன் கேட்கும்போது, பழைய புல்லட்டின் சொந்தக்காரர், வண்டியின்மீது கொண்ட வாத்ஸல்யத்தால், விலை கூடியதையே போடச் சொல்கிறார். ஆக்டேன் என்பது தட்டோசையைத் தாங்கும் திறனேயன்றி அதிகச் சக்தி அன்று, 6.5:1 அமுக்கத்துக்கு 91-ஏ மிகை. தீப்பொறியின் நேரத்தை எடைக் குண்டுகளின் சுழற்சியால் இயந்திர ரீதியாக மட்டும் மாற்றும் அவ்விஞ்சினுக்கு, உயர்ந்த பெட்ரோலை இனங்கண்டு பயன்படுத்திக்கொள்ள வழியும் இல்லை. அந்தக் காசு 12:1-ஐத் தாண்டும் இக்காலத்து நீர்குளிர் இஞ்சின்களுக்குப் பிரயோஜனப்படலாம். அங்கும் தயாரிப்பாளர் தரும் புத்தகத்தில் எந்த எண் அச்சாகியிருக்கிறதோ அதற்கு மேல் போவதால் லாபம் சொற்பமே.

மிட்ஜ்லி ஒதுக்கிவைத்த சாராயமும், எத்தனால் என்ற பெயரோடு, நூற்றுக்கு இருபது பங்காக நம் பங்க்குகளுக்கு வந்துவிட்டது. அதன் வரவால் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் 95 அளவுக்கு ஏறியிருக்கிறது. 1947-இல் மான் தீவின் பந்தய வீரர்களுக்குக் கிட்டாத சரக்கு, கேட்காமலே பழைய புல்லட்டின் டாங்கிக்குள் விழுகிறது. அதற்கு அது தேவையில்லை என்பதோடு, அந்நாளைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் சாராயம் உப்பவைத்து உளுக்கச் செய்கிறது. காற்றின் ஈரத்தை உறிஞ்சி, வண்டி பல வாரம் நின்றால் தண்ணீரும் சாராயமுமாக டாங்கியின் அடியில் பிரிந்து தங்கித் துருவேற்றுகிறது. ஆகவே விவரமறிந்த மெக்கானிக்குகள் இப்போது பழைய புல்லட்டுக்காரர்களிடம் ஆக்டேனைப் பற்றிப் பேசுவதில்லை. குழாயையும் வாஷரையும் எத்தனாலுக்குத் தாங்கும் வகையில் மாற்றச் சொல்லி, நெடுநாள் நிறுத்தும் வண்டிக்குப் பெட்ரோல் குழாயை மூடி, கார்பரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுகிறார்கள்.