மூன்றாவது வரிசையின் கதை: எங்கள் வீடுகளுக்கு வேன் வந்த வரலாறு



வாகன இறக்குமதி திரும்பத் திறந்ததிலிருந்து ஊரில் நாலு பேர் கூடினால் ஒரே பேச்சுத்தான். "பாவித்த வேன் ஒன்று பார்க்கிறோம், எது நல்லம்?" டொல்பினா, நோவாவா, ஃப்ரீடா, கேடிஎச்சா? விலை, எண்ணெய்ச் செலவு, திருப்பி விற்றால் என்ன கிடைக்கும் என்று எல்லாம் அலசப்படும். பின்னால் மூன்றாவது வரிசையில் யார் இருக்கப் போகிறார், எப்படி இருக்கப் போகிறார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்த ஆசனத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால் வாகனம் பார்க்கிற கண் மாறும் என்று நாங்கள் நினைக்கிறோம். பதிவு கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கள்.

*மடிதான் மூன்றாவது வரிசை*

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் நாட்டில் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. அதற்கு முன் வந்திறங்கிய மொரிஸ் மைனரையும் ஒஸ்டினையும் பெஜோவையும் திருத்தித் திருத்தியே ஒரு தலைமுறை ஓடியது. அவற்றில் இருந்தது இரண்டு வரிசை. ஆனால் ஏறியது எட்டுப் பேர், ஒன்பது பேர். உம்மாவின் மடியில் ஒன்று, மாமியின் மடியில் ஒன்று, இடைவெளியில் நிற்கிற பிள்ளை ஒன்று. அந்தக் காலத்தில் மடிதான் மூன்றாவது வரிசை.

அந்தக் காரும் ஊரில் சில வீடுகளில் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் மாட்டு வண்டி, சைக்கிள், அதை விட்டால் 1958 இல் தேசியமயமாக்கப்பட்ட இ.போ.ச. பஸ்.

*1977க்குப் பின்*

1977 இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. பிறகு வந்த ஆண்டுகளில் துறைமுகத்தில் இறங்கியது பெரும்பாலும் ஜப்பான் வாகனம். ஏன் ஜப்பான்? அதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம்.

ஒன்று, ஜப்பானிலும் எங்களைப் போல வீதியின் இடப்பக்கம்தான் வாகனம் ஓடும். ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும். எதையும் மாற்றாமல் அப்படியே ஓட்டலாம்.

மற்றது, அங்கே தனியார் காருக்கு மூன்று வருடத்தில் முதல் பரிசோதனை, அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. காசும் செலவு, கரைச்சலும் கூட. ஆகவே நல்ல நிலையில் இருக்கிற வாகனத்தையே பலர் ஏலத்துக்கு விட்டுவிடுகிறார்கள். அங்கே பழையதாகிப் போன வாகனம் இங்கே "ரீகண்டிஷன்" என்ற பெயரில் புதிதாகிறது.

அந்த வேன்களின் வடிவத்துக்கும் ஒரு காரணம் உண்டு. ஜப்பானில் சிறிய வாகன வகுப்புக்கு அளவுக் கட்டுப்பாடு இருக்கிறது: நீளம் 4.7 மீற்றர், அகலம் 1.7 மீற்றர், உயரம் 2 மீற்றர். இதைத் தாண்டினால் அடுத்த வகுப்பு. அந்த எல்லைக்குள் கூடிய இடம் எடுப்பதற்காக என்ஜினை முன் ஆசனத்துக்குக் கீழே வைத்து, உடம்பைப் பெட்டி போல அமைத்தார்கள். 1967 இல் வந்த டொயோட்டா ஹயஸ், பிறகு லைட்ஏஸ், டவுன்ஏஸ், நிசான் வெனட், மிட்சுபிஷி டெலிகா எல்லாம் அந்தக் குடும்பம்தான்.

ஒடுங்கிய வீதியும் பெரிய குடும்பமும் உள்ள எங்களுக்கு அந்தப் பெட்டி அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தியது. உம்ராவுக்குப் போகிறவரைக் கட்டுநாயக்கவில் வழியனுப்ப, கலியாணத்துக்கு, மௌத்து வீட்டுக்கு, கம்பஸுக்குப் போகிற மகளைக் கொண்டுபோய் விட, கொழும்பு ஆஸ்பத்திரிக்கு என்று எல்லாவற்றுக்கும் வேன்தான். யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி, நடந்து, மறுபக்கம் போய் ஏறியதும் இதே வேனில்தான். அதே காலத்தில் "வெள்ளை வேன்" என்ற சொல் இந்த நாட்டில் எத்தனை வீடுகளில் பயத்தை விதைத்தது என்பதையும் மறக்க முடியாது. எங்கள் சமூக வரலாற்றில் வேனுக்கு அவ்வளவு பெரிய இடம்.

*சரக்கு வேனில் ஏறிய குடும்பம்*

இனித்தான் முக்கியமான பகுதி.

1989 இல் ஹயஸின் நான்காம் தலைமுறை வந்தது. எங்கள் நாட்டில் "டொல்பின்" என்று பெயர் எடுத்தது அதுதான். 2004 இல் ஐந்தாம் தலைமுறை வந்தது. மாதிரிக் குறியீட்டின் எழுத்துக்களே பெயராகி "கேடிஎச்" ஆனது. இரண்டும் ஜப்பானில் இரு விதமாகத் தயாரானவை. ஒன்று ஆட்கள் பயணிக்கும் வேகன், மற்றது பொருள் ஏற்றும் வேன்.

பொருள் ஏற்றும் வேனுக்கு ஜப்பானில் ஒரு விதி உண்டு. ஆட்கள் இருக்கும் இடத்தைவிடப் பொருள் வைக்கும் இடம் பெரிதாக இருக்க வேண்டும். ஆசனத்தைக் கூட்டினால் அந்தக் கணக்குப் பிழைத்துவிடக்கூடும். ஆகவே பெரும்பாலும் அதன் பின்பக்கம் வெறும் தளம்தான். வில்லும் பாரத்துக்காகச் செய்த தடித்த பட்டை வில்.

எங்கள் நாட்டில் ஆட்களும் பொருளும் ஏற்றும் "இரட்டைப் பயன்பாட்டு" வாகனத்துக்கும் காருக்கும் வரி ஒன்றல்ல. அதனால் பொருள் ஏற்றும் வேன்களும் ஏராளமாக வந்தன. வந்த பிறகு கராஜில் தளத்தைத் துளைத்து, ஆணி போட்டு, ஆசனம் பூட்டி, அழகான உறை தைத்தார்கள். பொருள் வேன் குடும்ப வேனானது.

எங்கள் பாஸ்மார்களின் கைத்திறமையை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் தொழிற்சாலையில் மூன்றாவது வரிசை போடும்போது அந்த இடத்தில் தளத்தைப் பலப்படுத்துகிறார்கள், ஆசனப்பட்டிக்குத் தனிப் பிடிப்பு வைக்கிறார்கள், தலைதாங்கி வைக்கிறார்கள். கராஜில் போட்ட ஆசனத்தில் இவை இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். விபத்து நடந்தால் ஆளோடு ஆசனமும் கழன்று முன்னுக்கு வரக்கூடும். 2011 இல் முன் ஆசனத்துக்குப் பட்டி கட்டாயமானபோது நாங்கள் எல்லோரும் முன்னுக்குக் கட்டப் பழகினோம். பின்னுக்குப் பட்டி இருக்கிறதா என்று பார்க்கப் பழகவில்லை.

*ஆளுக்கென்றே செய்த மூன்றாவது வரிசை*

ஜப்பான் குடும்பங்களுக்கும் இதே தேவை வந்தது. 1994 இல் ஹோண்டா ஒடிசி வந்தது. கார் போல ஓடும், பின் வரிசை மடிந்து தளத்துக்குள் போய்விடும். 2003 இல் வந்த டொயோட்டா சியன்டாவில் பின் வரிசை நடு வரிசைக்குக் கீழே ஒளியும். 2008 இல் வந்த ஹோண்டா ஃப்ரீடில் இரண்டு பக்கமும் மேலே தூக்கி மாட்டலாம். நோவாவும் அந்த வகைதான்.

2011 இல் வந்த ப்ரியஸ் அல்ஃபாவில் ஒரு சுவாரசியம் உண்டு. ஐந்து ஆசன மாதிரியில் ஹைபிரிட் பற்றரி பின்னால் இருந்தது. ஏழு ஆசன மாதிரியில் மூன்றாவது வரிசைக்கு இடம் வேண்டும் என்பதற்காகச் சிறிய லித்தியம் பற்றரியை முன் இரண்டு ஆசனத்துக்கும் நடுவே கொண்டுவந்து வைத்தார்கள். பின்னால் இருப்பவருக்காகப் பற்றரியையே இடம் மாற்றியிருக்கிறார்கள்.

ஆனால் எங்கள் நாட்டில் தீர்வை என்ஜின் அளவை வைத்துக் கணக்கிடப்படுவதால், பலர் போனது 1000 சீசீ சின்னக் கார்களுக்கு. அவற்றில் திரும்பவும் இரண்டு வரிசைதான். எங்கள் பிள்ளைகள் சிலர் திரும்பவும் மடிக்கு வந்தார்கள்.

*2020 முதல் இன்று வரை*

2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது. 2022 இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் 360 ஐத் தாண்டியது. எண்ணெய்க்குக் கியூஆர் வரிசை வந்தது. ஐந்து வருடம் ஓட்டிய வேனை வாங்கிய விலையைவிடக் கூடவே விற்றவர்களை நாம் எல்லோரும் கண்டோம். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனத்துக்கு வழி திறந்தது. ஆனால் வரியோடு சேர்ந்த விலையைப் பார்த்தால், சாதாரண சம்பளக்காரருக்குப் பழைய வேன்தான் விதி. ஆகவே பழையதைச் சரியாகப் பார்த்து வாங்குவதுதான் எங்கள் கையில் இருக்கிறது.

*வாங்கப் போகும்போது*

1. பதிவுப் புத்தகத்தில் வாகன வகுப்பு என்ன, எத்தனை ஆசனம் என்று பாருங்கள். உள்ளே எண்ணிப் பாருங்கள். காப்புறுதிக் கடதாசியோடும் ஒத்துப்போக வேண்டும். இலக்கத் தகடு சொல்வது இங்கே பதிந்த காலத்தை. தயாரித்த வருடம் அதைவிடப் பழையதாக இருக்கும்.

2. வேனுக்குக் கீழே ஒருவரைப் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது வரிசையின் ஆணிகள் வெறும் தகரத்தைப் பிடிக்கின்றனவா, பலமான இடத்தைப் பிடிக்கின்றனவா என்று தெரியும். எங்கள் கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று. தளத்திலும் கதவு ஓடும் தண்டவாளத்திலும் கறள் இருந்தால், புதுப் பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம்.

3. பின் வரிசையில் தோளுக்கும் இடுப்புக்கும் வரும் பட்டி எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணுங்கள். விற்பவர் சொல்லும் ஆசனக் கணக்கை விட்டுவிட்டு, இந்தக் கணக்கை எடுங்கள்.

4. வீட்டில் முழங்கால் வருத்தமுள்ள மூத்தம்மா இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஏறி, இருந்து, தானாக இறங்க முடிகிறதா? பின்னுக்கு ஏசி காற்று வருகிறதா? வேகத்தடையில் ஏறும்போது தலை கூரையில் முட்டுகிறதா?

5. ஓடிய கிலோமீற்றரை மட்டும் நம்ப வேண்டாம். ஜப்பான் ஏலத் தாள் இருந்தால் கேளுங்கள். ஹைபிரிட் என்றால் பற்றரியைப் பரிசோதித்த பிறகுதான் விலை பேச வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகு சில வேளை ஏழு பேர் போகும் பெரிய வேனைவிட, ஆறு பேருக்குச் சரியான பட்டி உள்ள சின்ன வாகனம் நல்லதாகத் தெரியும். தெரு அதைப் பார்த்து மதிக்காமல் போகலாம். பரவாயில்லை.

எங்கள் வீடுகளில் முன் ஆசனம் வாப்பாவுக்கு, நடு வரிசை விருந்தாளிக்கு. மூன்றாவது வரிசை எப்போதும் பிள்ளைகளுக்கும் "நான் எங்கேயும் இருப்பேன் மகன்" என்று சொல்கிற மூத்தம்மாவுக்கும்தான். வாகனத்தை அவர்களின் இடத்திலிருந்து பார்க்கத் தொடங்குவோம்.

உங்கள் வீட்டுக்கு முதலில் வந்த வேன் எது? பழைய படம் இருந்தால் கீழே போடுங்கள். எங்கள் ஊரின் வரலாறு அந்தப் படங்களிலும் இருக்கிறது.